மினிட்ஸ் நோட்டில் வடை எண்ணெய்

கம்பெனி இயக்குநர்கள் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகம் பயப்படுகிறவர், ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காமல் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுகிறவர்தான். மேலதிகாரி சொன்னபடி எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு, பிறகு சோறு இறங்காமல் தவிக்கிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நானும் உங்களில் ஒருத்திதான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், பெங்களூரில் ஒரு கம்பெனியில் மினிட்ஸ் எழுதுகிற வேலை பார்த்தேன்.

முதல் கூட்டம்

"எல்லாத்தையும் குறிச்சுக்கோம்மா" என்றார் கம்பெனி செயலர் மூர்த்தி சார். குறித்தேன். 'பதினொன்று ஐந்து: சேர்மனின் மைத்துனர் நடத்தும் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் தீர்மானத்தை வாசித்தார்கள். பதினொன்று ஆறு: யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினொன்று ஏழு: வடை வந்தது.' என் பக்கத்தில் வைத்த தட்டிலிருந்து எண்ணெய் பட்டு, என் நோட்டுத் தாளின் மூலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

மூர்த்தி சார் அதைப் படித்தார். கோபப்படவில்லை. 'விரிவான விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று அவரே சொல்லச் சொல்ல என்னை டைப் அடிக்க வைத்தார். அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் தயங்கினேன். அவர் சொன்னார்: "நடந்ததை எழுத எதுக்கும்மா பட்டதாரி? நடந்திருக்கணும் இல்ல, அதை எழுது."

வராதவரின் கையெழுத்து

எங்கள் இயக்குநர் குழுவில் ஒரு சுயாதீன இயக்குநர் இருந்தார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வெளியாள். கேள்வி கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர். பெரிய படிப்பு, கனிவான குரல். மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவே இல்லை. வருகைப் பதிவேடு கூரியரில் அவர் வீட்டுக்குப் போய், கையெழுத்தோடு திரும்பி வந்தது.

ரயிலில் என்னோடு தினமும் வருகிற ஆரோக்கியம் அண்ணனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் ஒரு ஐடி கம்பெனியில் செக்யூரிட்டி. அவர் அப்பா எங்கள் ஊர்ப்பக்கத்து நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே கேஜில், அதாவது கூண்டு லிஃப்டில், கீழே இறங்குகிற ஆளுக்கு ஒரு டோக்கன் உண்டு. ஷிஃப்ட் முடிந்தும் டோக்கன் திரும்பாவிட்டால், கீழே ஆளைத் தேடுவார்கள். அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இன்னா தங்கச்சி இது, கீழ எறங்காதவனுக்கெல்லாம் டோக்கன் குடுக்கறீங்க? நாளைக்கி உள்ள இடிஞ்சா எவனைத் தேடுவாங்க? ஒன்னியத்தான்."

முதல் கூட்டத்திலிருந்து குறித்து வந்த அந்த நோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்; அன்றிலிருந்து இரண்டு நோட்டு. நடந்திருக்க வேண்டியது அலுவலகத்தில்; நடந்தது என் பையில். தைரியத்தில் அல்ல. பயந்தவளுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது.

எல்லோருக்கும் ஞாபகம் வந்த வாரம்

கம்பெனி இடிந்தது. மைத்துனருக்குப் போன கடன் திரும்பவில்லை, கதவில் பூட்டு, விசாரணை. அந்த வாரம் இயக்குநர்கள் எல்லோருக்கும் தாங்கள் எதிர்த்துப் பேசியது ஞாபகம் வந்துவிட்டது. சுயாதீன இயக்குநர் என்னை 'மகளே' என்று அழைத்து போனில் பேசினார். தான் கடனை எதிர்த்ததாக அத்தனை உறுதியாகச் சொன்னதில், எனக்கே சந்தேகம் வந்து நோட்டைப் புரட்டினேன். அவர் வந்திருந்த கடைசிக் கூட்டத்தில் அவர் கேட்டதாக இருந்தது ஒரே கேள்வி: "இந்தக் காபில சர்க்கரை போட்டாச்சா?"

கோரமண்டலுக்கு வந்த கார்

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்தால் வாசலில் காரோடு மூர்த்தி சார். எங்கள் வரிசை வீட்டுக்குள் தலை குனிந்து நுழைந்தார். "அந்த ரஃப் நோட்டைக் குடுத்துடும்மா. அது வெளியில வந்தா முதல்ல மாட்டறது நீதான். தயாரித்தவர்னு உன் கையெழுத்துதானே இருக்கு?"

அது உண்மை. நோட்டு பீரோவில், என் டிகிரி சர்டிபிகேட்டுக்கு அடியில் இருந்தது. பீரோ சாவி அம்மாவின் இடுப்பில். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான். அம்மா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"டீ ஆறிப் போவுது சார். குடிச்சிட்டு கெளம்புங்க, ரோடு நல்லா இல்ல."

விசாரணை மேஜை

என்னிடம் இருந்த மினிட்ஸ் நகலையும் அந்த நோட்டையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்து அரை மணி நேரம் படித்தார். "பொய்யிலயும் உங்க கையெழுத்து, உண்மையிலயும் உங்க கையெழுத்து. நான் எதம்மா நம்பறது?" என்றார்.

"வடை எண்ணெய் பட்டதை நம்புங்க சார். அது கூட்டத்துல இருந்த நோட்டு" என்றேன். அவர் அந்த மூலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நோட்டை உறையில் போட்டு ஒட்டினார். போகலாம் என்பார் என்று எழுந்தேன்.

"நம்பறேன். ஆனா பொய்யையும் எழுதினது நீங்கதானே? புதன்கிழமை மறுபடி வாங்க."

இப்போது நான் புதன்தோறும் போய்ப் பதில் சொல்கிறேன். நான் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நடந்ததைத்தான் எழுதுகிறாளா என்று எட்டி எட்டிப் பார்ப்பதிலேயே என் கழுத்து வலிக்கிறது.