தொண்டைச் சக்கரத்தைத் திறந்தவர்

என் மகன் காய்ச்சலில் இறந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டையை ஏதோ அடைத்தது. எங்கள் ஊர் பொன்னமராவதியில் வந்து தங்கியிருந்த ஒரு யோகியிடம் போனேன். குண்டலினி யோகத்தோடு மேல்நாட்டு மனோதத்துவமும் படித்தவராம்.

"தொண்டையில இருக்கிற விசுத்திச் சக்கரம் அடைபட்டிருக்கு. மனசுல மறைச்சதை வாய்விட்டுச் சொன்னாத்தான் திறக்கும். நம்ம ரெண்டு பேரோட இருக்கும், சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். பிள்ளையைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் மனைவி கெஞ்சிய அன்று சந்தை நாள். ஜவுளிக்கடையைப் பூட்ட மனமில்லாமல், பஸ் வரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். மறுநாள் பிள்ளை போய்விட்டான்.

இதைச் சொன்ன அன்று சோறு இறங்கியது உண்மைதான். அடுத்த வாரம் அந்த ஆள் கோயில் மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். தன் வைத்தியத்துக்கு உதாரணமாக, உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சொன்ன பஸ் பொய்யை அப்படியே எடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

போய்க் கேட்டால், "பேரைச் சொல்லலையே" என்று சிரிக்கிறார்.

"பிள்ளையைப் பறிகொடுத்த ஜவுளிக்கடைக்காரன் இந்த ஊர்ல எத்தனை பேருய்யா இருக்கான்?" என்று கத்திவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு பஸ் வந்துச்சாங்க?"

"வந்துச்சு" என்றேன். அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தத் துரோகியை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் கொண்டுபோய்க் கொட்டியவன் நான்தான். இப்போது எந்த யோகியிடமும் போவதில்லை. வாரம் ஒருமுறை மைத்துனர் வீட்டுக்குப் போகிறேன். அவள் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறாள். திரும்பி வருவதாக இன்னும் சொல்லவில்லை.