முழங்காலுக்கு இறங்கிய சுவெட்டர்

ஒரு பிள்ளையைப் பார்த்து யாராவது “வளர்ற புள்ளதானே” என்று சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில், காலுக்குப் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தடுக்கித் தடுக்கி நடந்த ஒரு சிறுமியிடம் அவளுடைய தாய் அதையே சொன்னாள். அவர்கள் யாரோ, நான் யாரோ. ஆனாலும் கிட்டப் போய், பிள்ளையின் காலை அளந்து சப்பாத்து வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த வார்த்தைமேல் எனக்குள்ள கோபம் ஒரு சுவெட்டரால் வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. அப்பாவின் அக்காவான அத்தைக்கு அதே லயத்தின் கடைசி வீடு. மலையில் பனி இறங்கினால் எதிர் லயம் கண்ணுக்குத் தெரியாது. சுவெட்டர் இல்லாமல் அங்கே ஒரு வருடத்தை ஓட்ட முடியாது. கடையில் புதிதாக வாங்குகிற வசதியும் எங்களுக்கு இல்லை. ஆகவே அம்மா பின்னுவாள். பதுளை நடைபாதையில் குவித்துப்போட்டு விற்கிற பழைய சுவெட்டர்களில், யாருக்கும் பொருந்தாத ஒன்றாகப் பார்த்து வாங்கி வருவாள். அதைப் பிரித்து, நூலைத் துவைத்து, கொதிக்கிற கேத்தலின் ஆவியில் காட்டிச் சுருக்கம் எடுத்து, உருண்டையாகச் சுற்றி வைப்பாள். பின்னுகிற ஊசி எல்லாம் கிடையாது. சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் ஐந்தை இரண்டு முனையிலும் கல்லில் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போது, பீலியில் குடம் நிறையும்போது, அடுப்பில் சோறு கொதிக்கும்போது, எப்போதும் அந்தக் கம்பிகள் அவள் கையில் ஆடிக்கொண்டிருக்கும். சோறு குழைந்துவிட்டால் அப்பா கம்பிகளைத்தான் திட்டுவார்.

அம்மா பின்னுகிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கி இடுப்பில் முடிப்பாள். கைகளும் அப்படித்தான், தோளில் தொடங்கி மணிக்கட்டில் முடியும். ஆனால் கடைசி வரியை ஒருபோதும் இறுக்க மாட்டாள். நூலின் நுனியில் லேசாக ஒரு சுருக்குப் போட்டு, இடது இடுப்பு ஓரமாக உள்பக்கம் செருகிவிடுவாள். அடுத்த வருடம் நாங்கள் வளர்ந்து சுவெட்டர் மேலே ஏறிக்கொண்டதும் அந்த நுனியைத் தேடி இழுப்பாள். ஓரம் மட்டும் அவிழும். அங்கிருந்து இன்னும் மூன்று விரல் பின்னிக் கீழே இறக்குவாள். அகலத்துக்குக் கம்பளி தானாகவே இழுபட்டுக் கொடுக்கும். போன வருடத்து நிறம் இந்த வருடம் கிடைக்காது என்பதால் என் சுவெட்டர் மேலே சிவப்பு, அதன் கீழே ஒரு நீலப் பட்டை, அதன் கீழே ஒரு பச்சைப் பட்டை என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கட்சிக்கொடி என்று கூப்பிட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு சரியாக இருந்ததே.

அந்த வருடம் கோயில் திருவிழா நெருங்கியபோது அம்மா என் சுவெட்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். வழக்கம்தானே என்று கொடுத்துவிட்டேன். அந்தத் தடவை அவள் பதுளைக்குப் போய்ப் பழைய சுவெட்டர் வாங்கி வரவில்லை. தன்னுடைய மண்ணிறச் சுவெட்டரை எடுத்து, அடுப்படியில் உட்கார்ந்து, கழுத்து வரைக்கும் பிரித்துப் போட்டாள். அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

“நீ என்னாத்தப் போடுவ?” என்று கேட்டேன்.

“எனக்கு வேணாம்” என்றாள். அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு முதல்நாள் சுவெட்டர் வந்தது. பச்சைப் பட்டைக்குக் கீழே மண்ணிறத்தில் ஒரு சாணுக்கு மேல் பின்னியிருந்தாள். போட்டுப் பார்த்தால் முழங்காலுக்கு வந்தது. கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. தம்பிக்கும் அதே கதி. அவன் சுவெட்டருக்குள் காலை மடக்கி உட்கார்ந்தால் முழுசாக மறைந்துபோனான். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மறுநாள் எனக்குக் கோலாட்டம்.

கோலாட்டத்துக்கு எங்கள் டீச்சர் எட்டுப் பிள்ளைகளைத்தான் எடுத்திருந்தார். அதில் முன்வரிசையில் நான். மாதக்கணக்காகப் பழகியிருந்தேன். திருவிழா அன்று எல்லாப் பிள்ளைகளும் பாவாடை சட்டையில் நிற்கப்போகிறார்கள், நான் மட்டும் சாக்குப்பைக்குள் இறங்கினமாதிரி நிற்க வேண்டும். அம்மாவிடம் சண்டை போட்டேன். கையையாவது வெட்டிக் கொடு என்றேன். மடிச்சு உட்டுக்க என்றாள். அப்பாவிடம் போனேன். “வளர்ற புள்ளதானே, இருக்கட்டும்” என்றார். அத்தையிடம் போனேன். “வளர்ற புள்ளதானேடி” என்று தலையைத் தடவினாள். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “அம்மா ஆசயா பின்னியிருக்காங்க, வளருவதானே” என்றார். எல்லாரும் ஒரே வாயால் பேசினார்கள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுகிற வயது எனக்கு வந்திருக்கவில்லை.

திருவிழா அன்று பின்னேரம் பனி மூடியது. சுவெட்டர் இல்லாமல் வெளியே போக விடமாட்டேன் என்று அம்மா வாசலில் நின்றாள். போட்டுக்கொண்டு போனேன். கைகளை மடித்து மடித்து முழங்கைக்குமேல் ஏற்றிவிட்டேன். முதல் பாட்டு ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது பாட்டில் குனிந்து நிமிர்ந்து தட்டும்போது வலது கையின் மடிப்பு அவிழ்ந்து விழுந்து விரல்களை மூடிக்கொண்டது. கம்பளியோடு சேர்த்துப் பிடித்த கோல் வழுக்கிப் பறந்தது. போய்ச் சேர்ந்த இடம் தோட்டத்துத் தலைவரின் வழுக்கை. அவர் அப்போது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லத் தயாராக இருந்தார். “ஐயோ அம்மா” என்று அவர் அலறியது ஸ்பீக்கர் வழியாக நாலு மலைக்கும் கேட்டது. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சர் என்னை வரிசையிலிருந்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார். மீதிப் பாட்டை ஏழு பேர் ஆடினார்கள். அம்மா கூட்டத்தில்தான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை, என்னைத் தேற்றவும் வரவில்லை. சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் சுவெட்டரை எடுத்து வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். இடது இடுப்புப் பக்கத்தில் நுனி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இழுத்து, வேண்டிய அளவுக்கு அவிழ்த்து, நானே சுருக்குப் போட்டுக்கொள்வது என்று முடிவு. தேடினேன். நுனி இல்லை. திருப்பிப் போட்டுத் தேடினேன். அம்மா இந்தத் தடவை ஓரத்தை ஊசி நூலால் சுற்றிச் சுற்றித் தைத்து, முடிச்சுக்குமேல் முடிச்சாகப் போட்டு, மிச்ச நூலையும் உள்ளே ஓட்டி மறைத்திருந்தாள். கைகளும் அப்படியே. கடைச் சுவெட்டரில்கூட அவ்வளவு இறுக்கமான ஓரத்தை நான் பார்த்ததில்லை. என்னை வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. அப்பா சவரம் செய்கிற பிளேடை எடுத்து ஓரத்தை அறுத்தேன். பிறகு இழுத்தேன். கோபத்தில் இழுக்க ஆரம்பித்தால் அளவா தெரியும்? மண்ணிறம் முழுவதும் போய், பச்சையும் போய், நீலத்தில் பாதி போனபோது தம்பி கைதட்டினான்.

வேலை முடிந்து வந்த அம்மா கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கவில்லை. அப்படியே நின்று நூல் குவியலைப் பார்த்தாள். அடிக்கிற ஆள் அல்ல அவள். அன்று முதுகில் விழுந்த அடியில் எனக்கு மூச்சு நின்றுபோனது.

“ஒனக்கு வேற நேரமே கெடைக்கலயாடி?” என்றாள்.

அப்புறம் கூடையோடு உட்கார்ந்து, ஈரக் கையால் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். அறுபட்ட இடங்களை முடிந்து முடிந்து சேர்த்தாள். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நடக்கும்போது பின்னினாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முறை வந்ததுகூடத் தெரியாமல் பின்னிக்கொண்டு நின்று கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். எனக்குச் சோறு போடும்போதுகூடக் கம்பிகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். நீளத்தைக் குறைத்துவிடுவாள், பிள்ளை பட்டது போதும் என்று நினைப்பாள் என்று நானும் எதிர்பார்த்தேன். சுவெட்டர் வந்தபோது அதே முழங்கால். அதே நீளக் கை. ஓரத்தில் முன்பைவிட இறுக்கமாக முடிச்சு. இந்தப் பிடிவாதக்காரியோடு இனிப் பேசுவதில்லை, இந்தச் சுவெட்டரைப் போடுவதில்லை என்று தீர்மானித்தேன். நானும் அவள் பெற்ற பிள்ளைதானே.

அந்தக் கிழமை முடிவதற்குள் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு பேரின் தோட்டச் சம்பளத்தில் நாலு வயிறு நிறையவில்லை. பாஸ்போர்ட் முதற்கொண்டு எல்லாம் திருவிழாவுக்கு முன்பே முடிந்திருக்கிறது. அடுத்த வருடம் நுனியைத் தேடி இழுக்க அவள் இருக்கமாட்டாள், அப்பாவுக்கோ அத்தைக்கோ பின்னத் தெரியாது. அதனால்தான் எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது எவ்வளவு உயரம் இருப்பேன் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, அந்த அளவுக்குப் பின்னி இறுக்கி முடித்திருக்கிறாள். இது அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். தலையில் கோல் வாங்கிய தலைவருக்குக்கூடத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னால் அழும் என்று எல்லாருமாகப் பேசி வைத்துக்கொண்டார்களாம். அழுதால் என்ன? அழவேண்டிய விஷயத்துக்கு அழாமல், ஒரு சுவெட்டருக்காக அழுதுகொண்டிருந்தேன். அதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது எனக்குப் பதின்மூன்று. இடையில் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், அந்தச் சுவெட்டர் எனக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. இப்போது அவள் பதுளையில் என் வீட்டில்தான் இருக்கிறாள், என் பிள்ளைகளுக்குப் பின்னுகிறாள். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்களுக்குள் இன்றும் சண்டைதான். சுவெட்டரை வெட்டியதற்கு நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்ப்பாள். படமாட்டேன். “சொல்லியிருந்தா நீ என்னயப் போக உட்டுருப்பியா?” என்பாள். விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பேன். அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் போன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “டவுனுக்குப் போயிட்டு வாறேன்” என்றுதான் சொன்னாள். டவுன் என்றால் எங்களுக்குப் பதுளை. அப்பா ஒரு புது பேக்கைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். பழைய சுவெட்டர் நிறைய வாங்கி வரத்தான் இவ்வளவு பெரிய பேக் என்று நினைத்தேன். எங்களை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்த அத்தை, தம்பியை இடுப்பிலும் என் சுவெட்டரைக் கக்கத்திலும் வைத்திருந்தாள். பனி கொட்டியது. அம்மா சுவெட்டரை வாங்கி என் தலைவழியாகப் போட்டுவிட்டாள். நான் கழற்றிக் கீழே எறிந்தேன். அவள் குனிந்து எடுத்துத் தட்டி, மறுபடியும் அத்தையிடமே கொடுத்தாள். சட்டையோடு நின்ற எனக்குப் பல் கிடுகிடுத்தது. எதிரே சேலையைப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மாவுக்கும் தாடை ஆடியது. பேசுவதில்லை என்ற தீர்மானத்தை அந்த ஒரு விஷயத்துக்காக உடைத்தேன்.

“ஒன்னோடத அவுத்துட்டேல்ல, இப்ப நல்லா குளிருதா?” என்றேன்.

பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கைகள் ஐஸாக இருந்தன.

“போற எடத்துல குளிராதுடி” என்றாள்.

பதுளை பள்ளத்தில் இருக்கிற ஊர். எங்கள் மலையை விட்டு இறங்க இறங்க வெயில் ஏறும், வழியில் பசறை தாண்டினால் சுவெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.