மூன்று பேனாக்கள்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் பேரிங் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஆடிட் என்று பேச்சு எழுந்தால் முதலில் தேடப்படுகிறவர் ஜெயவேலுதான். இத்தனைக்கும் அவர் மேனேஜர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. மூன்றாவது லைனில் இருபது வருஷமாக ஃபிட்டர். அங்கே ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு செக் ஷீட் தொங்கும். ஆயில் அளவு பார்த்தேன், கூலன்ட் பார்த்தேன், பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன் என்று தினமும் காலையில் கட்டத்துக்குக் கட்டம் டிக் போட வேண்டும். தினமும் யார் போடுகிறார்கள்? ஆடிட்டர் வருகிறார் என்று சேதி வந்த பிறகுதான் அந்தத் தாள் எல்லோர் கண்ணிலும் படும்.

மற்றவர்கள் ஒரே பேனாவால் முப்பது டிக்கையும் மளமளவென்று போட்டு மாட்டிக்கொள்வார்கள். ஜெயவேலு அப்படி அரைகுறை வேலை செய்கிற ஆள் இல்லை. அவர் பையில் மூன்று பேனாக்கள் உண்டு. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, மூன்றாவது மை தீர்ந்து திக்கித் திக்கி எழுதுவது. நாலு நாளைக்கு நீலம், இரண்டு நாளைக்குக் கறுப்பு, நடுவில் ஒரு நாள் மை வராமல் இரண்டு தடவை கிறுக்கிய டிக். ஒரு மூலையில் ஆயில் படிந்த கட்டைவிரல் ரேகை. நம்பும்படி இருக்கட்டும் என்று எங்கேயாவது ஒரு கட்டத்தைக் காலியாகவும் விடுவார். பார்க்கிறவருக்கு ஒரு மனிதன் முப்பது நாளும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போன மாதிரியே இருக்கும். "அண்ணே, உன் கைவேலையே தனிதான்" என்று பக்கத்து லைன் கிஷோர் தன் தாளையும் கொண்டுவந்து நீட்டுவான். ஜெயவேலுவுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை. யாருக்கும் கெடுதல் இல்லாத வித்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்து ஆளைச் சோம்பேறி என்று எடைபோட்டுவிடக் கூடாது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். சுரங்கத்தை மூடியதும் ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார். பன்னிரண்டு வருஷம் வந்து போனார். காய்ச்சலோடுகூட அந்த ரயிலைத் தவறவிட்டதில்லை. பிறகுதான் ஆனேக்கல்லில் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது.

மனைவி மெர்சியும் அதே தங்கவயல்காரி. இவர் கோயில், அவள் சர்ச். கல்யாணமாகி மூன்று வருஷம் இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனேக்கல் வந்ததும் அவள் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லராகச் சேர்ந்தாள். வேலை காலர் தைப்பது. சட்டை யாருடையதானாலும் மெர்சியின் கண் முதலில் காலருக்குத்தான் போகும்.

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது. பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பியது. வலது கை மட்டும் முஷ்டி மூடினது மூடினபடியே நின்றது.

சந்தாபுரத்தில் ஒரு கிளினிக்கில் ஸ்னேஹா என்ற பெண் பிசியோதெரபி செய்தாள். கன்னடப் பெண், அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றவள். பிப்ரவரியில் அவள் ஜெயவேலுவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் அறுபது கட்டங்கள். தினமும் காலையில் பத்து நிமிஷம், விரல் விரலாகப் பிரித்து, நீட்டி, விட வேண்டும். செய்ததும் ஒரு டிக். "அங்கிள், இது நீங்கதான் பண்ணணும். விட்டுட்டா கை மறந்துடும்" என்றாள். ஜெயவேலு தாளை வாங்கிப் பார்த்தார். செக் ஷீட். அவருக்குத் தெரியாத செக் ஷீட்டா?

தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, முதல் ஒன்பது நாள் ஒழுங்காகச் செய்தார். அந்த ஒன்பது டிக்கும் சத்தியம். பத்தாம் நாள் மெர்சி வலி தாங்காமல், "இன்னிக்கி வேணாமே" என்றாள். பாவம் என்று விட்டார். பாவம் பார்த்தது பாதி, ஐந்தே முக்கால் கம்பெனி பஸ்ஸை நினைத்தது பாதி. அது அவருக்கே தெரியும். மறுநாளும் விட்டார். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறியது. அது ஒரு சாக்கு. விட்டுப்போன நாளைக்கூட ஜீரணித்துவிடலாம். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். அதனால் ஜெயவேலு ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் தண்ணீர் எடுக்கப் பழகிக்கொண்டார். மெர்சியும் கேட்கவில்லை. தன் கையைப் பிடித்துவிடு என்று ஒருத்தி எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்?

ஏப்ரலில் ஸ்னேஹா வரச் சொன்ன நாள் வந்தது. அன்று காலை ஜெயவேலு தாளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பையிலிருந்து மூன்று பேனாக்களையும் எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. நீலம், கறுப்பு, திக்குவாய்ப் பேனா. ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காலியாக விட்டார். எதிர் நாற்காலியில் மெர்சி இடது கையால் காபி டம்ளரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். பேனா மாறி மாறி வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளினிக்கில் ஸ்னேஹா தாளைப் பார்த்ததும் துள்ளிவிட்டாள்.

"அய்யோ அங்கிள், சூப்பர்! அறுபது நாள்ல ஒரே ஒரு நாள்தான் மிஸ்ஸு!" தாளைத் தூக்கி, காத்திருந்தவர்கள் பக்கம் காட்டி, கன்னடத்திலும் தமிழிலும் சொன்னாள். "நோடி, ஹீகே இர்பேகு. வீட்டுக்காரர்னா இப்படி இருக்கணும்."

ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் புருஷனை முழங்கையால் இடித்தாள். ஜெயவேலு வெட்கப்படுகிறவர் மாதிரி சிரித்துவைத்தார்.

பிறகு ஸ்னேஹா மெர்சியின் கையை எடுத்தாள். விரலைப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். பிப்ரவரியில் எப்படியோ அப்படியே. முகத்திலிருந்த துள்ளல் போய்விட்டது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நிஜத்த சொல்லணும். இவ்ளோ ரெகுலரா பண்ணியும் விரல் விரியல. பண்ணாம இருந்திருந்தா ஏதாச்சும் ஹோப் இருக்குன்னு சொல்வேன். இப்ப வலது கைய போட்டு கஷ்டப்படுத்த வேணாம். இடது கைய பழக்கிடலாம். சாப்பிட, எழுத எல்லாம்."

ஜெயவேலு உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மெர்சியைப் பார்த்தார். அறுபது நாளும் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மெர்சி சொன்னாள். "சரிம்மா. அவரும் பாவம், எம்மாம் செஞ்சாரு."

வீட்டுக்கு வந்ததும் மெர்சி இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள், இனி தைக்கப்போவதில்லை என்று தையல் மிஷினுக்கு உறை போடுவதைப் போல. அழவில்லை, புலம்பவில்லை. ஒரு குத்துப் பேச்சாவது பேசியிருந்தால் ஜெயவேலுவுக்குச் சோறு இறங்கியிருக்கும். மூன்று நாள் அவர் சாப்பிட்டது பேருக்குத்தான். நான்காம் நாள் கிஷோர் வழக்கம்போலத் தாளை நீட்டினான். ஜெயவேலு பேனாவை எடுத்தார், வைத்தார். "நீயே போட்டுக்கோப்பா. எனக்கு முடியல" என்றுவிட்டு, அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பிவிட்டார்.

வீட்டில் மெர்சி மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டார்.

"அன்னிக்கி நீ ஏன் சொல்லல?"

"இன்னாத்த?"

"நான் ஒண்ணும் செய்யலன்னு."

மெர்சி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அத்தினி பேரு எதுர்ல அந்தப் பொண்ணு உங்களத் தூக்கி வெச்சி பேசிக்கினு இருந்திச்சி. அங்க எப்டி சொல்றது? நீங்க தல குனிஞ்சி நிப்பீங்க. எனக்கு அத பாக்க முடியாது."

"அதுக்கோசரம் கையவே வுட்டுட்டியா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"யோவ், நானா வுட்டேன்? நீ வுட்டது பிப்ரவரியில! பொய்யி எழுத மூணு பேனா வெச்சிக்கினு அர மணி நேரம் குந்திக்கினு இருந்தியே, அந்நேரம் என் கையப் புடிச்சிருந்தா மூணு நாளு கணக்கு முடிஞ்சிருக்கும்யா!"

கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்ட 'யோவ்' அது. இருபத்தைந்து வருஷமாக 'ஏங்க'வும் 'நீங்க'வும்தான். ஜெயவேலு தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ விலகின மாதிரியும் இருந்தது.

அன்று மாலையே பஸ் ஏறிச் சந்தாபுரம் போனார். கிளினிக்கில் அதே நாற்காலிகள், வேறு ஆட்கள். எல்லோரும் கேட்கட்டும் என்றே குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். "அம்மா, அந்த டிக்கெல்லாம் பொய். மொத ஒம்போது நாளுதான் நெஜம்."

ஸ்னேஹா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு எழுந்தாள். "அத நம்பித்தானே அங்கிள் ஆன்ட்டி கிட்ட அப்படிச் சொல்லிட்டேன்."

அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "இனிமே தெனமும் அர மணி நேரம் செய்றேன். சத்தியமா" என்றார்.

"வேணவே வேணாம்! அரை மணி நேரம்னு சொல்றவங்க பத்தாவது நாள் காணாம போயிடுவாங்க. கேரண்டியும் நான் தர மாட்டேன், ரெண்டு மாசம் போயிடுச்சு." யோசித்தாள். "யாரும் சொல்லாம நீங்க தினமும் என்ன பண்றீங்க? ஒரு நாளும் விடாம?"

ஜெயவேலு யோசித்தார். ரயில் முடிந்துபோன கதை. பல் தேய்ப்பது, குளிப்பது. "சட்டை போடுறேன்" என்றார்.

"சரி. இனிமே பட்டன் ஆன்ட்டி போடட்டும். வலது கையால. ஒண்ணே ஒண்ணு. அது போட்டாத்தான் நீங்க வெளியே போகணும். அது தானா வந்த அப்புறம் மத்தத பார்க்கலாம்."

மறுநாள் காலை ஜெயவேலு சட்டையைத் திறந்தபடி மெர்சி முன்னால் உட்கார்ந்தார். அவளது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரித்து நடுவே பட்டனை வைத்தார். பிடி நழுவியது. மறுபடி வைத்தார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஆறாவது தடவை, முக்கால்வாசி அவர் தள்ள, கால்வாசி அவள் தள்ள, பட்டன் ஓட்டைக்குள் போயிற்று. மெர்சிக்கு வலியில் கண் கலங்கியது. ஆனாலும், "இந்தக் காலர எவ தெச்சா? கோணலா கீது" என்றாள். ஜெயவேலு ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றினார். ஓடுவதற்கு முன் புதுத் தாளில் ஒரு டிக் போட்டிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரே பேனாவால் போட்ட டிக்.

வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான். தினமும் ஒரு பட்டன். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் மத்தியானம் ஒரு பட்டன். நல்ல வேளையாக யாராலும் சட்டையில்லாமல் வேலைக்குப் போக முடியாது. மூன்றாம் வாரம் கட்டைவிரல் தானாக அசைந்தது. மே கடைசியில், அவர் தொடாமலே அவள் பட்டனைப் பிடித்தாள், தள்ளத்தான் முடியவில்லை. அவருக்குச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. பிப்ரவரியிலேயே ஆரம்பித்திருந்தால்? விரல் முரண்டு பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வந்தது. அதற்கு யாரிடம் பதில் கேட்பது? தானே வாங்கிக்கொண்டது.

ஜூனில் ஒரு நாள் தூங்கிவிட்டார். கண் விழித்தபோது பஸ் வர நான்கு நிமிஷம். மெர்சி எழுந்து உட்காருவதற்குள் படியிறங்கிக்கொண்டே பட்டனைத் தானே போட்டுக்கொண்டு ஓடினார். அன்று முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றபோதும் அதே நினைப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். வரிசையாக டிக்குகள், கடைசியில் ஒரு ஓட்டை. கை தானாகப் பேனாவைப் பிடித்தது. ஒரே ஒரு டிக்தானே? நாளைக்கு இரண்டு பட்டனாகப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"அந்தப் பேனாவ இப்டி குடுங்க" என்று பின்னால் குரல்.

திடுக்கிட்டுத் திரும்பினார். மெர்சி சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள். இடது கையால் பேனாவை வாங்கி, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே செருகினாள். தாளில் வைத்து அழுத்தினாள். கை நடுங்கியது, பேனா கட்டத்துக்கு வெளியே ஓடி, திரும்பி வந்தது. ஒரு கோணல் கோடு. மூச்சு வாங்கிக்கொண்டு அதன் குறுக்கே இன்னொரு கோணல் கோடு.

காலிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.

"இன்னிக்கி தப்பு" என்றாள். "தப்புன்னா தப்புதான் போடணும்."

ஜெயவேலு அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜனவரிக்குப் பிறகு அந்தக் கை எழுதிய முதல் எழுத்து அது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். மெர்சி பேனாவை விரலிலிருந்து விடுவிக்க முடியாமல், "அழுதது போதும், இத எடுத்து வுடுங்க" என்றாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே அவர் குளித்து முடித்து, சட்டையைத் திறந்தபடி அவள் எழுந்திருக்கக் காத்து உட்கார்ந்திருந்தார்.