பழைய காருக்கு எத்தனை நூல் பைப்பு?

எங்கள் தொழிலில் தப்புச் செய்துவிட்டு மறைக்க முடியாது; கார் கிளம்பினதும் அதுவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கடை வைத்து அல்லல்படும் கூட்டாளிகளே, உங்கள் கடையில் சரக்கு சரியில்லை என்றால் ஒரு ஆள் வந்து சண்டை போடுவான். எங்கள் கடையில் அளவு பிசகினால் தாராவியே எட்டிப் பார்க்கும். அறுபதுகளில் நானும் என் வீட்டுக்காரர் செல்வராஜும் அங்கே பழைய கார்களுக்குப் புகை போகிற சைலன்சர் பைப்பு செய்து கொடுத்தோம். வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். இழுத்துக்கொண்டு கிடக்கிற காருக்கும் உயிர் கொடுத்து ஓட்டினார்கள்.

திரைக்குப் பின்னால்

அவருக்குக் கை தங்கமான கை. கண்தான் கைவிட்டுவிட்டது. வருஷக்கணக்கில் கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்ததில் ஸ்கேலில் இருக்கிற சின்னக் கோடுகள் தெரியாமல் போய்விட்டன. மூக்குக் கண்ணாடி மாற்றிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. இது வெளியே தெரிந்தால் எங்களுக்கு வேலை தருகிற மாட்டுங்கா கராஜ் அன்றைக்கே வேறு ஆளைப் பார்த்துவிடும். கடையை மூடிவிட்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். பயந்து செத்தேன்.

அதனால் ஒரு ஏற்பாடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான். யாராவது பழைய பைப்பைக் கொண்டுவந்தால், "வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு வாரேன்" என்று அவர் உள்ளே எடுத்து வருவார். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அளந்து அவர் காதில் சொல்வேன். அவர் வெளியே போய்ச் சத்தமாகச் சொல்வார். ஒரு பைப்பு திரும்பி வந்ததில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. டாக்சி ஓட்டுகிற முத்தையா அண்ணாச்சிதான் ஒருநாள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்:

"என்னவே செல்வராசு, தெருவுல இம்புட்டு வெயில் அடிக்கி, வெளிச்சத்துல பாக்கணும்னு இருட்டுக்குள்ள போறீரு?"

ஒன்றரை என்றால் ஒன்றரை

என் வீட்டுக்காரர் வெல்டிங் கேஸ் சிலிண்டர் மாற்றப் போயிருந்த நேரத்தில் செம்பூரிலிருந்து ராமநாதன் சார் வந்தார். பெரிய உத்தியோகம். யுத்தத்துக்கு முந்தின இங்கிலீஷ் கார் ஒன்று வைத்திருந்தார். சைலன்சரின் வாயை அளந்து, ஒன்றேமுக்கால் இன்ச் என்று தெரிந்துகொண்டு, தண்ணீர்க் குழாய் விற்கிற கடையில் ஒன்றேமுக்கால் கேட்டாராம். அந்த அளவே கிடையாது, ஒன்றரை இருக்கிறது என்று கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான். சின்னதுதானே, நுழைந்துவிடும் என்று இவரும் வாங்கிவிட்டார். நுழையவே இல்லை.

"சார், தண்ணிக் குழாய்க்கு ஓட்டையோட அளவச் சொல்லுவாங்க. ஒன்றரைன்னா வெளிப்பக்கம் ரெண்டு இன்ச்சுக்குக் கிட்ட வரும். எங்க பைப்புக்கு வெளியளவு. அது சைலன்சர் வாய்க்குள்ள போய் உக்காரணும்லா?" என்றேன். மனுஷர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை என்றால் உலகம் பூராவும் ஒன்றரைதான் என்று சாதித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க சட்டைக்குத் தையக்காரன் நெஞ்சுக்கு வெளிய டேப்பு வச்சு அளக்கானா, உள்ள கைய விட்டு அளக்கானா?" என்று கேட்டேன். குனிந்து தன் சட்டையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரன் இப்படி விளக்கியிருந்தா நான் ஏம்மா இங்கே வந்து திட்டு வாங்கறேன்?"

நூல்

வாயளவை மட்டும் நம்பாமல், அவரிடமே, "காருல பழைய பைப்புத் துண்டு தொங்குதுல்லா, அது வெளிப்பக்கம் எத்தனை நூல்னு அளந்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். பட்டறையில் நூல் என்றால் ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. இந்திக்காரன் சூத் என்பான், அதற்கும் அர்த்தம் நூல்தான். பம்பாயில் பட்டறைவாசம் பட்ட எல்லாருக்கும் தெரியும். ஃபைல் பார்க்கிற மனுஷருக்குத் தெரியுமா?

மறுநாள் காலையில், வீட்டில் பூக்கட்டுகிற நூலில் ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஒரு நூல்தாம்மா ஆச்சு. சுத்தி வந்து மிச்சமே இருந்தது, வெட்டிட்டேன்" என்றார். சிரித்தேன் பாருங்கள், வயிறு வலித்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அந்த நூலை ஸ்கேலில் வைத்தேன். ஐந்தரை இன்ச். பள்ளிக்கூடத்தில் படித்த இருபத்திரண்டின் கீழ் ஏழு ஞாபகம் வந்தது. ஐந்தரையை அதால் வகுத்தால் பைப்பின் குறுக்களவு டாண் என்று ஒன்றேமுக்கால்! பதினாலு நூல். அந்தப் பைப்பு கல் அடித்து நெளிந்திருந்தது. காலிப்பர் இடுக்கியை வைத்துக் கவ்விப் பார்த்திருந்தால் ஒரு பக்கம் ஒரு அளவு, மறுபக்கம் வேறு அளவு காட்டியிருக்கும். சுற்றி வந்த நூலுக்கு நெளிசல் ஒரு பொருட்டே இல்லை. அந்த அளவில் செய்த புதுப் பைப்பு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ராமநாதன் சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"நான் சரியாத்தானே அளந்துண்டு வந்திருக்கேன்? அப்புறம் எதுக்கும்மா அப்படிச் சிரிச்சேள்?"

இரண்டா, இரண்டேகாலா

பயந்தது நடந்தது. மாட்டுங்கா கராஜ் மேஸ்திரி பொன்னையா அண்ணாச்சி, ஒரு சேட்டுடைய நீளமான அமெரிக்கக் காரின் பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாரி ஏறின மாதிரி நசுங்கியிருந்தது. அவர் காதுக்கு ஏதோ எட்டியிருக்கிறது. "உள்ள போக வேண்டாம். என் கண்ணு முன்னால அளந்து சொல்லும்வே" என்றார். என் வீட்டுக்காரர் காலிப்பரை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். ஸ்கேலில் வைத்து, மூக்கு தொடுகிற மட்டும் குனிந்து பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"ஏன் எஸ்தர் வந்த?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். பிறகு அவரே நிமிர்ந்து சொன்னார்: "அண்ணாச்சி, எனக்குக் கோடு தெரியல. ரெண்டு வருசமா ஒங்க கராஜுக்கு வந்த பைப்பு எல்லாம் இவ சொன்ன அளவு. ஒண்ணு ஒழுகியிருந்தா சொல்லும்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பெருமையில்தான்.

அண்ணாச்சி காலிப்பரைப் பிடுங்கி அவரே அளந்தார். இரண்டேகால் என்றார். நான் நூலைச் சுற்றினேன். ஆறேகாலும் ஒரு மயிரிழையும். "ரெண்டு இன்ச்" என்றேன். "ரெண்டுல செய்யி. ஒழுகிச்சுன்னா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். "ஒழுகாது அண்ணாச்சி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவர் போனதும் நூலை இன்னும் மூன்று தரம் சுற்றி அளந்தேன்.

மறுநாள் கராஜுக்கு நாங்கள் இருவருமே போனோம். அண்ணாச்சி காருக்கு அடியில் படுத்து அவர் கையாலேயே மாட்டினார். சுத்தியல் எடுக்கவில்லை, கையால் தள்ளினதும் போய்விட்டது. இஞ்சினைப் போடச் சொல்லி, இணைப்பைச் சுற்றி உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுப் புகை இல்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல், என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்:

"கண்ணு போச்சுன்னு எவன்கிட்டவே மறைக்கீரு? கட்டினவ கண்ணு ஒம்ம கண்ணு இல்லையா? நாளைக்கு மூணு வண்டி அனுப்புதேன், தங்கச்சிய வாசல்ல உக்காரச் சொல்லும்."

இத்தனைக்கும் அப்புறம், ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் என் பெயருக்கு நேரே 'தொழில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பைப்பு அளந்துகொண்டிருந்ததால் அவரோடு சண்டை போட எனக்கு நேரமில்லை.