கடன் கட்ட வாங்கிய கட்டடம்

வத்தேகம டவுனுக்குச் சற்று வெளியே, பன்வில ரோட்டில், அந்த மாடிக் கட்டடத்தை நாங்கள் வாங்கியபோது என் கணவர் கட்டார் வேலையை விட்டு நிரந்தரமாகத் திரும்பி வந்திருந்தார். கீழே இரண்டு கடைகள், மேலே நான்கு சிறு வீடுகள். ஒரு கடையில் பேக்கரி, மற்றதில் பார்மசி. மேல் வீடுகளில் ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம். மற்ற மூன்றிலும் குடியிருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

எங்கள் இருவரின் பெற்றோரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு ஒற்றை அறையில் வாழ்ந்து முடித்தவர்கள். அவர்கள் சமைத்துப் படுத்த அறை கம்பனிக்குச் சொந்தம். அதனால் சொந்த நிலத்துக்கான பத்திரத்தைச் சொல்லும் காணி உறுதி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு பெரிய மரியாதை இருந்தது. நான் கண்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மாதச் சம்பளக்காரி என்பதால் வங்கியில் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். கட்டடத்தை வந்து பார்த்த கடன் பிரிவு உத்தியோகத்தர் ஐந்து வாடகைகளையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கையிலிருந்து ஒன்னும் போகாது டீச்சர். கட்டடமே கடனைக் கட்டிரும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. முதல் சில வருடங்கள் அப்படித்தான் நடந்தது. வாடகை வந்தது, தவணை போனது, மிஞ்சியதில் கூரையைப் பழுதுபார்த்தோம். கணவர் காலையில் பேக்கரிக்கு முன்னால் நின்று தேநீர் குடிப்பார். முதலாளி என்று யாராவது கூப்பிட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. மருந்து வராததால் பார்மசிக்காரர் கதவை இழுத்து மூடிவிட்டு ஊருக்குப் போனார். அந்த மாதங்களில்தான் எங்கள் தவணையும் ஏறியது. கடன் வாங்கியபோது வட்டி சந்தையோடு மாறும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மாறும் என்றால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நினைத்திருந்தோம். ஒரு வருடத்துக்குள் தவணை ஏறக்குறைய இரட்டிப்பானது.

இருவரும் வங்கிக்குப் போனோம். முகாமையாளர் நல்ல மனிதர். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டலாம், கடன் முதல் அப்படியே நிற்கும், அதற்குள் வருமானத்தைக் கூட்ட வழி பாருங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணவர் சொன்னார், "மேல் வீட்டு வாடகைய கூட்டுறதத் தவிர வேற வழி இல்ல."

"அவங்க எங்க போவாங்க?"

"நாம எங்க போவோம்?"

எங்களுக்கு அடுத்த வீட்டில் பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். இருவருக்கும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தாள். என் கணவர் படிக்கட்டில் அவளைக் கண்டு வாடகை விஷயத்தைச் சொன்னார். கதவுக்கு உள்ளே நின்ற எனக்குக் கேட்டது.

"எவ்வளவு அண்ணே?" என்று கேட்டாள். அவர் சொன்னார். "ஓவர்டைமும் நிப்பாட்டிட்டாங்க அண்ணே. நாங்க அம்மா வீட்டுக்கே போறோம்" என்றாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மாதக் கடைசியில் மெத்தையையும் அலுமாரியையும் ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிப் போனார்கள். அவர் வாசலுக்கு வரவில்லை. நான்தான் போய் வழியனுப்பினேன்.

அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. பூட்டிய கடையும் பூட்டிய வீடுமாகக் கட்டடம் நின்றது. நாங்கள் இருவரும் பேசுவது குறைந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். உப்பு வேண்டுமா என்று கேட்டால்கூட எரிந்து விழுவார்.

ஆறு மாதச் சலுகை முடிந்து, தவணைகள் தவறத் தொடங்கின. நீதிமன்றம் போகாமல் வங்கியே ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம் என்று சட்டம் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பத்திரிகையில் மூன்று மொழியிலும் அறிவித்தல் வந்தது. என் பெயரை முழுசாகப் போட்டிருந்தார்கள். பாடசாலை ஓய்வறையில் அன்று யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று தோன்றியது.

அந்த வாரம் பேக்கரிக்காரர் மேலே வந்தார். அவர் திகனயைச் சேர்ந்தவர். அங்கே இருந்த கடை முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்த பிறகு இங்கே பாண் சுடும் போறணை போட்டவர். மாவு கிடைக்காத காலத்திலும் ஒரு நேரப் பாணையாவது சுட்டு, வாடகையைப் பிந்தாமல் தந்தவர். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், தம்பி, மனசுல ஒன்டும் வைக்காம கேளுங்க. ஏலத்துக்கு முன்ன இத நான் எடுக்கலாம் எண்டு ஈக்கிது. என்ட மச்சானும் இன்னும் ரெண்டு பேரும் பங்கு போடுவாங்க. வட்டிக்கு எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. கையில ஈக்கிறதத்தான் தர ஏலும்."

அவர் சொன்ன விலை வங்கிக் கடனை அடைக்கும். அதற்கு மேல் கொஞ்சம் மிஞ்சும். என் கணவரின் கட்டார் உழைப்பும் என் நகைகளும் அந்தக் கொஞ்சத்துக்குள் அடங்காது.

"அடிமாட்டு விலைக்குக் கேக்குறீங்க நானா" என்றார் என் கணவர். "இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் முகம் கறுத்தது. ஆனால் குரல் உயரவில்லை. "காத்திருந்தா ஏலத்துல வந்து இன்னும் குறைவா எடுத்திருப்பேன் தம்பி. என்ட போறணையும் இந்தக் கட்டடத்துலதான் ஈக்கிது. வேற ஆள் எடுத்தா என்னையும் எழுப்புவான். எனக்கு இன்னொருக்கா முதல்ல இருந்து தொடங்க ஏலாது."

அவர் போன பிறகு, வேறு வழியில்லாமல் அந்த விலைக்கே கொடுப்பதென்று இருவரும் முடிவு செய்தோம். அந்த மனிதர் எங்களுக்கு உதவினாரா, எங்கள் நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டாரா என்று இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

கண்டியில் சட்டத்தரணியின் அறையில் கட்டடம் கைமாறியது. என் கணவர் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போய் மழைக்குள் நின்றார். நாங்கள் அதே வீட்டிலேயே வாடகைக்கு இருக்கலாம் என்று பேக்கரிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். வேறு இடம் தேடும் தெம்பு எனக்கு இல்லை. மாதம் பிறந்ததும் நான்தான் கீழே இறங்கிப் போய் வாடகையைக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்காமல் மேசை லாச்சியில் போட்டார். கணவர் அதற்குள் மீண்டும் கட்டாருக்குப் போக ஏஜென்சியில் பதிந்துவிட்டார்.

போன வருடம் ஒரு மாலை பேக்கரிக்காரர் மீண்டும் மேலே வந்தார். தண்ணீர், கரண்ட் எல்லாம் ஏறிவிட்டது, பங்காளிகள் கேட்கிறார்கள், வாடகையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. சரி நானா என்றேன்.

அன்று கணவர் கட்டாரிலிருந்து போனில் அழைத்தபோது சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"நியாயமாத்தான் கேட்டிருக்காரு" என்றார். "அந்தப் பன்வில புள்ளைக்கு நான் சொன்னது இதைவிடக் கூடுதல்."

அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, அதன் பிறகு அவள் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.