அறுபத்திரண்டு கல்லும் ஒரே வாசலில்

அந்தப் பேச்சை நூர்பானு பிற்பாடு எத்தனையோ முறை முதலிலிருந்து நினைத்துப் பார்த்திருக்கிறாள், எந்த இடத்தில் தவறினோம் என்று தெரிந்துகொள்வதற்காக.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மாசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மலையணில் கணக்கெடுக்கும் திட்டமொன்றுக்கு வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் வாசல். அந்தத் திட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவள், புதிதாக வந்திருந்த ஜி.பி.எஸ். கருவியை ஒரு கையிலும் அதன் ஆங்கிலப் புத்தகத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். அதைக் காட்டுக்குக் கொண்டுபோய் எல்லைக் கற்கள் இருக்கும் இடங்களைக் குறித்துவர வேண்டிய கண்ணுச்சாமி, வலது முழங்காலைப் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு நேரமா என்னத்தத் தாயி தேடுது?"

"மேல சுத்துற சாட்டிலைட்டத் தேடுது அண்ணாச்சி. நாலு கெடச்சாத்தான் நாம நிக்கிற எடத்தச் சொல்லும்."

"நாம நிக்கிற எடம் நமக்கே தெரியுமே. பஸ் ஸ்டாண்டுக்கு மேக்க, மூணாவது தெரு."

"நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்ல."

"அதுக்குத் தெரியணும்னு நான் நடக்கணும். சரித்தான்."

முப்பத்தைந்து நிமிடம் கழித்துத் திரையில் எண்கள் வந்தன. அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பேட்டரி செல்லு எம்புட்டு நேரம் தாங்கும்?"

"விடாமப் போட்டு வச்சா ஒரு நாள்கூட வராது. சார் மொத்தமே எட்டு செல்லுதான் குடுத்திருக்காங்க."

"அப்ப ஒவ்வொரு கல்லுலயும் எழுதுன ஒடனே அணைச்சிரட்டா?"

"அணைச்சிருங்க."

"பொறவு போட்டா நம்பர் காட்டுமா?"

"காட்டும்."

ஐந்தரை மணி ராஜபாளையம் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். வெயிலில் நின்றதில் அவளுக்குத் தலை வேறு வலித்தது. அறுபது பக்க ஆங்கிலப் புத்தகத்தை ஒரே பக்கத் தமிழில் சுருக்கி எழுதிய தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்த வரியைப் பார்த்து எழுதுவது, எல்லாம் அதில் இருந்தது. அன்று வாசலில் காத்திருந்தது முதல் தடவைக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் கருவியைப் போட்டதும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை திரையில் தெரிவது கடைசியாகக் கண்டுபிடித்த இடத்தின் எண்தான். புத்தகத்தில் இருந்த இந்த விஷயம் தாளில் இல்லை.

கண்ணுச்சாமி தேவதானத்துக்காரர். சொந்த நிலம் இல்லை. பதினான்கு கோடை மலையடிவாரத்தில் தீக்காவலுக்குப் போனவர். எண்பத்தொன்பதில் புல்லுக்குப் பிடித்த தீயை அடிக்க ஓடியபோது பாறையில் சறுக்கி விழுந்ததில் போனதுதான் அந்த முழங்கால். அதற்குப் பிறகும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் நடக்கிற வேலைதான். மனைவி முத்துப்பேச்சி ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறாள். அவள் வீடு திரும்பும்போது இவர் கிளம்புவார். ஒருவர் முகத்தில் இருக்கும் அசதியை மற்றவர் வாசலில் பார்த்துக்கொள்வதோடு சரி.

எல்லைக் கற்களின் வேலை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரக் காவலர் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதாகத் திட்ட அதிகாரி ஐயாதுரை சார் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டில் போடுவார்கள். அங்கே ஒரு நாற்காலி உண்டு. கண்ணுச்சாமி அந்த நாற்காலியைப் பற்றி நூர்பானுவிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் வயர் பின்னியது, ஒரு கை உடைந்தது.

செண்பகத்தோப்பிலிருந்து சேத்தூர்ப் பக்கம் வரை மலையடிவாரத்தில் அறுபத்திரண்டு கல். பதினோரு நாள் நடந்தார். கருவியை அவர் டார்ச் லைட்டைப் போலவே வைத்துக்கொண்டார். கல்லருகே போனதும் போடுவார், பார்ப்பார், எழுதுவார், அணைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செல்களைக் கழற்றி வைப்பார். மறுநாள் காலை முத்துப்பேச்சி அவற்றை ஓட்டின்மேல் வெயிலில் காயவைப்பாள். புறப்படும்போது ஏற்கெனவே காய்ந்த நான்கை எடுத்துப் போட்டுக்கொள்வார். எட்டில் ஒரு செல்கூடத் தீரவில்லை.

நோட்டு வந்த அன்று நூர்பானு எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தாள். முதல் கல்லை அடித்தாள். இரண்டாவதும் அதே எண். நாலாவது கல்லில் கை நின்றுவிட்டது. பக்கங்களைப் புரட்டினாள். உருண்டையான, பொறுமையான கையெழுத்தில், புள்ளிக்குப் பின்னால் உள்ள கடைசி எண் வரை மாறாமல், அறுபத்திரண்டு வரி. அந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்று அவளுக்கு மனப்பாடம். அவர்கள் அன்று நின்றிருந்த வாசல் அது.

ஐயாதுரை சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"கண்ணுச்சாமி, மலையே நம்ம ஆபீஸ் வாசல்லதான் இருக்குன்னு சொல்லவேயில்லையே நீரு!"

"சார்?"

"அறுபத்திரண்டு கல்லுக்கும் ஒரே நம்பர். எழுதும்போது ஒமக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு சார். பின்கோடு மாதிரி இருக்கும்னு நெனச்சேன். ஒரு ஊருக்கெல்லாம் ஒரே பின்கோடு தான? இதுவும் ஒரே மலை தான? கல்லு நம்பர் தனித்தனியா எழுதியிருக்கேன் பாருங்க."

"நல்லாச் சொல்றீரு. வீட்டுல படுத்துக்கிட்டே எழுதுனாலும் இப்படித்தான்யா வரும். நீரு போனத யாரு பார்த்தா?"

கண்ணுச்சாமி வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். முள் கிழித்த கோடுகள். "முள்ளு எல்லாக் கொல்லையிலயும் இருக்கு" என்றார் சார்.

நூர்பானு அந்த அலுவலகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறவள். எழுந்து நின்றபோது நாற்காலி சுவரில் இடித்தது.

"சார், தப்பு என்மேல. போட்டுட்டு செத்த நேரம் பொறுத்திருக்கணும்னு நான் தாள்ல எழுதல. வாயாலயும் சொல்லல. கேட்டதுக்கு, ஒடனே காட்டும்கிற மாதிரி சொல்லிட்டேன்."

சார் அவளைப் பார்த்தார். கோபமில்லை, அலுப்புதான்.

"சரிம்மா, நீ எழுதல. அதனால அவரு போனாருன்னு ஆயிருமா?"

எல்லாக் கல்லுக்கும் மறுபடி எண் எடுத்து வந்தால் கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு சார் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருவரும் மறுபடி அதே வாசலுக்கு வந்தார்கள். நூர்பானு கருவியைப் போட்டு, எண் உறைந்து கிடப்பதையும், சாட்டிலைட் கிடைத்ததும் அது அசையத் தொடங்குவதையும் காட்டினாள். தாளின் கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தாள். மரத்தடியில் பத்து நிமிடம்கூட ஆகலாம் என்றாள்.

"அம்புட்டு நேரமும் நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

"உக்காந்துக்கலாம் அண்ணாச்சி. கருவி மட்டும் வானத்தப் பார்த்த மாதிரி இருந்தாப் போதும்."

"உக்காரலாமா? இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே நூறு கல்லு கேட்டு வாங்கியிருப்பேனே."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னைய மன்னிச்சிருங்க" என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டாள்.

கண்ணுச்சாமி கருவியை மஞ்சள் பைக்குள் வைத்து, பையின் காதை இரண்டு சுற்றுச் சுற்றினார். படியிறங்கிப் போனவர் கேட்டருகே நின்று, காலை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

"தாயி, வீட்டுல ஒங்க அத்தாகிட்டக் கேட்டுட்டு ஒரு நாள் வாரீங்களா? எல்லாக் கல்லுக்கும் வேண்டாம், முள்ளுப் பாதை, ஒங்களால ஏலாது. செண்பகத்தோப்பு மொதக் கல்லு ரோட்டோரந்தான். முத்துப்பேச்சியும் கூட வருவா. நான் அங்க உக்காந்திருக்கிறத நீங்க பார்த்தாப் போதும். அந்தச் சாரு மறுபடி யாரு பார்த்தான்னு கேட்டா, பார்த்தேன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."