சீட்டை அமுக்கிக் காட்டியவர்

ஜங்ஷன் சைக்கிள் கடையில் அவர் விற்பனையாளர். படிய வாரிய தலை, தொந்தி, எந்நேரமும் ஏதாவது ஒரு சீட்டின் மேல் உள்ளங்கை. நடுவில் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள் அப்போதுதான் வந்திருந்தது. சீட்டை அமுக்கி விடுவார். அது எழும்பும். தானே அதைப் பெற்றவர் போலப் பூரிப்பார்.

முதுகுவலிக்காக அதை வாங்கினேன். ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது, மிதிக்கிற மிதியெல்லாம் ஸ்பிரிங்குக்குள் போயிற்று. சக்கரத்துக்கு மிச்சம்தான். பாளையங்கோட்டை அச்சகத்துக்கு தினமும் பிந்தினேன். இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்றார் முதலாளி.

சாதா சைக்கிளாக மாற்றித் தரக் கேட்டேன். அவர் சீட்டை அமுக்கிக் காட்டினார்.

"நீங்களே பாலத்துல ஏத்திக் காட்டுங்க அண்ணாச்சி. ஏத்திட்டா நான் பேசாம போயிருதேன்."

ஏறினார். மேலும் கீழும் ஆடினாரே தவிர, முன்னால் அதிகம் போகவில்லை. பாதியில் இறங்கி, இளைக்க இளைக்க நின்றார்.

"என்ன அண்ணாச்சி, எறங்கிட்டிய?"

"முதுகு வலிக்கவே இல்ல பாத்தியளா?" என்றார்.

சைக்கிளை மாற்றித் தந்தார். நான் கடையை விட்டு இறங்கும்போது, அதே சீட்டை இன்னொருவருக்கு அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அதே பூரிப்பு. சட்டையில் வியர்வை இன்னும் காயவில்லை.